துருக்கை

நெதர்ட்டன்,
3 மே 1984

திரு. ஐவர் பார்ஜிட்டர் அவர்களுக்கு,

இரண்டு முறை போன் செய்தேன். இரண்டு முறையும் உங்கள் மகள் பெரில்தான் எடுத்தாள். "அப்பா கடற்கரைக்குப் போயிருக்காரு" என்றாள். போர்த் கடற்கரையில், அந்தக் குளிர் காற்றில், இருட்டிய பிறகு யார் போய் நிற்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கண்காட்சியில் நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. நீங்கள் என் பக்கத்தில்தான் நின்றீர்கள். இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். என் ஹார்ட்ஷார்ன் இலகு ரகம் முதல் உலகப் போருக்கு முன்னால் பெண்களுக்காகச் செய்த காற்றுத் துப்பாக்கி. நாம் இருவரும் வேலைக்குச் சேர்ந்த அதே பட்டறையில் பிறந்தது. இன்று மிஞ்சியிருப்பவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். அவற்றிலும் யாரும் தேய்க்காமல், மறுபூச்சு பூசாமல், கடையிலிருந்து வந்த அதே கருநீலப் பூச்சோடு இருப்பது என்னுடையது ஒன்றுதான். அதை நடுவர்கள் முன்னால் பெட்டியைத் திறந்து எடுத்தேன். சிலிண்டரின் மேல் ஒரு கட்டைவிரல், நான்கு விரல்கள். செம்பழுப்புத் துருவில், ரேகை தெரிய.

"ஃபெரடே, என்னய்யா இது?" என்றார் நடுவர்.

"என்னைக் கேக்காதீங்க, இவன் கையக் கேளுங்க" என்றேன். உங்களைத்தான் காட்டினேன். அந்தச் சொல்லை நான் திரும்ப வாங்கப் போவதில்லை. எஃகைத் தொட்டால் மறுநாள் துரு எழும் வியர்வை இந்த வட்டாரத்தில் யாருக்கு இருக்கிறது என்று குழந்தைக்கும் தெரியும்.

இன்னொன்று. மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, கிடர்மின்ஸ்டரில் ஒரு வீட்டுத் துப்பாக்கிகளுக்கு விலை மதிக்கப் போயிருந்தேன். அன்று நீங்கள் என் வீட்டுக்கு வந்து, முன்னறையில் தனியாக ஒரு மணி நேரம் இருந்திருக்கிறீர்கள். என் மனைவி மூரியல் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். "அவன்கிட்ட சொல்லிடாதீங்க" என்று நீங்கள் கேட்டுக்கொண்டதாகவும் சொன்னாள்.

எனக்குப் பணம் வேண்டாம். தேய்த்தால் துருவோடு கருநீலமும் போய்விடும், தேய்க்காவிட்டால் தடம் இருக்கும். இரண்டிலும் அந்தத் துப்பாக்கி பழைய துப்பாக்கி இல்லை. நான் கேட்பது ஒரே வரி. "ஆமாம், நான்தான் தொட்டேன்" என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஹொரேஸ் ஃபெரடே

———

போர்த்,
11 மே

ஹொரேஸ்,

'திரு', 'அவர்கள்', 'நீங்கள்'. பதினாலு வயதில் பழகியதிலிருந்து நீ எனக்குக் கொடுத்திருக்கும் முதல் மரியாதை இது. பெரிலிடம் காட்டினேன். "யாருப்பா இந்த வக்கீல்?" என்று கேட்டாள்.

கடற்கரையில்தான் நின்றேன். மருமகன் டாவித் வீட்டில் மூன்று அறை, பிறந்து இரண்டு மாதமாகாத பேரன், அவன் அழுகை. எனக்கு நிற்க வேறு இடமில்லை.

உன் துப்பாக்கியைத் தொட்டேனா? தொட்டேன். கையுறையோடு தொட்டேன். வெள்ளைப் பருத்திக் கையுறை. "சவ ஊர்வலத்துக்கு வந்தவன் மாதிரி இருக்கடா" என்று வியாழக்கிழமைதோறும் பப்பில் சுடும்போது நீ கிண்டல் செய்வாயே, அதே கையுறை. வெறுங்கையால் உன் சாமான் எதையும் நான் தொட்டதில்லை. உன் வீட்டுக் கதவுக் கைப்பிடியைக்கூட முழங்கையால்தான் அழுத்துவேன். நீ கவனித்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை ஏன் வந்தேன் என்று கேட்கிறாய். சொல்ல மாட்டேன். மூரியலைப் போட்டுக் குடையாதே, அவளுக்கும் தெரியாது.

அந்த ஞாயிறைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீ விரலை நீட்டியபோது, கூடத்தில் இருந்தவர்கள் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்தார்கள். நான் உடனே அவற்றைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன். அது இன்னும் மோசம் என்று பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. திருடன்தானே கையை மறைப்பான்? கண்டக்டர் சில்லறையை நீட்டினார். வாங்கக் கூச்சமாக இருந்தது. "வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டேன். டீக்குக் காணும் காசு அது.

நீ கேட்ட ஒரு வரியை என்னால் எழுத முடியாது. நடக்காததை எழுதினால் அது என் கையெழுத்தாக இருக்காது.

ஐவர்

———

நெதர்ட்டன்,
7 ஜூன்

ஐவர்,

சரி, மரியாதை வேண்டாம் என்றால் வேண்டாம். நீ ஒரு பொய்யன்.

ஒருவன் நண்பன் வீட்டுக்கு அவன் இல்லாத நேரம் பார்த்து வருகிறான், அவன் மனைவியிடம் சொல்லாதே என்கிறான், முன்னறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான். அடுத்த மாதம் துப்பாக்கியில் துரு. ஏன் வந்தாய் என்றால் சொல்ல மாட்டானாம். இதற்கு நீதிபதி வேண்டுமா? மூரியலின் பூனைகூடத் தீர்ப்புச் சொல்லும்.

எனக்கு நினைவிருக்கிறது, உனக்கும் இருக்கும். பட்டறையில் சேர்ந்த முதல் நாள் ஃபோர்மேன் புதுப் பையன்களை வரிசையாக நிற்கவைத்து, ஆளுக்கொரு மெருகேற்றிய எஃகுத் தகட்டைக் கையில் கொடுத்தார். அழுத்திப் பிடித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். ஈரத் துணியில் மூடி வைத்தார். மறுநாள் என் தகடு கண்ணாடி மாதிரி இருந்தது. உன்னுடையதில் ஐந்து விரலும் பிஸ்கட் அச்சு மாதிரி விழுந்திருந்தது. எனக்கு மேசை வேலை, உனக்கு வாசல். நீ சங்கிலிப் பட்டறைக்குப் போனாய். அன்று உனக்கு நான் வைத்த பெயர்தானே துருக்கை? பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறேன்.

என் கை காய்ந்த கை. ஊருக்கே தெரியும். மற்றவன் எல்லாம் துப்பாக்கியைத் தொட்ட பிறகு எண்ணெய்த் துணியைத் தேடி ஓடுவான், நான் அப்படியே மாட்டிவிட்டுச் சாப்பிட உட்காருவேன். ஒரு நாள் ஒரு தடம் விழுந்ததுண்டா? "கை காய்ஞ்சவனுக்குத் துணி எதுக்கு" என்று நான் சொல்வதை நீயே எத்தனை தடவை கேட்டிருப்பாய்.

துப்பாக்கி சேகரிப்போர் சங்க மடலில் விவரம் வெளியிட்டுவிட்டேன். நான் விலை மதிக்கும் எந்தத் துப்பாக்கிக்கும் குறையை மறைத்ததில்லை, என்னுடையதற்கும் மறைக்க மாட்டேன். "சிலிண்டரில் விரல் தடத் துரு. உரிமையாளருடையதன்று, துருக்கை உள்ள நண்பர் ஒருவர் அனுமதியின்றிக் கையாண்டதால் நேர்ந்தது." பெயர் போடவில்லை. அந்த அளவு பழக்கத்துக்கு மரியாதை வைத்தேன்.

'மூன்று லாடம்' பப்பில் உன் பேச்சுதான். நம் சுடும் அணியில் பாதிப் பேர் என் பக்கம். பப் முதலாளி எஸ்ரா மட்டும் முறுக்கிக்கொண்டு திரிகிறான். உன் கையுறை ஜோடியை துளைக்குள் குண்டு போனால் மணி அடிக்கும் இலக்குத் தகட்டுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவைத்திருக்கிறான். "எடுத்துப் போடுடா"ன்னேன். "போட்டவன் வந்து எடுக்கட்டும்"ங்கிறான்.

ஹொரேஸ்

———

போர்த்,
19 ஜூன்

ஹொரேஸ்,

சங்க மடல் எனக்கும் வரும் என்பதை மறந்துவிட்டாயா, அல்லது மறக்கவில்லையா?

டாவித் நல்ல பையன். தமாஷுக்காக, சாப்பாட்டு மேசையில் அதைச் சத்தமாகப் படித்தான். "மாமா, துருக்கைன்னு ஒரு வியாதியாம், யாரோ ஒரு ஆளு நண்பன் வீட்டுலயே கைய வச்சுட்டானாம், பாருங்க" என்றான். பெரில் மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்தாள். அப்புறம்தான் அவனுக்குப் புரிந்தது. பாவம், ரொட்டியை வாயில் வைத்தபடியே இருந்தான். அன்று யாரும் பட்டாணியைத் தொடவில்லை.

மறுநாள் காலை பேரன் தொட்டிலில் அழுதான். பெரில் குளியலறையில் இருந்தாள். அவனைத் தூக்கும் முன்னால் நான் கையுறையைத் தேடினேன். இங்கே இருந்தது தோட்டத்துக் கையுறை. அதைப் போட்டுக்கொண்டு குழந்தையைத் தூக்கினேன். என் வியர்வை எஃகைத்தான் தின்னும், பிள்ளையைத் தின்னாது என்று எனக்குத் தெரியும். அறிவுக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. பெரில் வந்து பார்த்துவிட்டாள். என் கையிலிருந்து கையுறையை உருவினாள், உருவிக்கொண்டே அழுதாள்.

போதும், ஹொரேஸ். இனி எழுதாதே.

ஐவர்

———

நெதர்ட்டன்,
4 செப்டம்பர்

ஐவர்,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். படிக்காமல் அடுப்பில் போட்டாலும் சரி. இதற்கு முன் எழுதிய தாள்களை நானே அடுப்பில் போட்டுவிட்டேன்.

தோட்டத்தில் இந்த வருடம் பீன்ஸ் நன்றாகக் காய்த்தது. மூரியல் ஜாடி ஜாடியாக உப்புப் போட்டு வைத்திருக்கிறாள். மழையும் பரவாயில்லை.

பார், என்ன எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று.

ஜூலையில் லட்லோ பக்கம் ஒரு பண்ணை வீட்டு ஏலத்தில் பழைய காற்றுத் துப்பாக்கி ஒன்று எடுத்தேன். சாக்கில் சுற்றி, விரல் கனத்துக்குக் கிரீஸ் பூசிக் கிடந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து, மண்ணெண்ணெயில் கிரீஸைக் கழுவினேன். அடியில் அப்பழுக்கில்லாத கருநீலம். தூக்கிப் பார்த்தேன், தோளில் வைத்துப் பார்த்தேன், அப்படியே மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன். மூரியல் அந்த அறைக்குள் போகவில்லை. யாரும் போகவில்லை. ஆகஸ்டில் விவரம் எழுத எடுத்தபோது, சிலிண்டரின் மேல் ஒரு கட்டைவிரல், நான்கு விரல்கள்.

முதலில் என்ன நினைத்தேன் தெரியுமா? நீ போர்த்திலிருந்து வந்து தொட்டுவிட்டுப் போயிருக்கிறாய் என்று நினைத்தேன். வெட்கம் கெட்டவன் புத்தி அப்படித்தான் போகும்.

அப்புறம் ஹார்ட்ஷார்னை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் கட்டைவிரல் ஒரே பக்கம். இடது கையால் பிடித்தால் மட்டும் விழும் பக்கம். நீ வலது கைக்காரன், ஐவர். நம் கூட்டத்தில் இடது கைக்காரன் நான் ஒருவன்தான். ஊரான் துப்பாக்கிக்கு விலை சொல்லும்போது திருகாணித் தலையில் ஒரு கீறலைக்கூட விட்டதில்லை. என் துப்பாக்கியில், என் கண்ணுக்கு நேரே, என் கட்டைவிரலை நான் பார்க்கவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு என் கையே தெரியவில்லை.

அப்போதும் நம்ப மனமில்லை. சமையலறைக்குப் பின்னால், மூரியல் தூங்கிய பிறகு, ஒரு தகட்டை மெருகேற்றி அழுத்திப் பிடித்து ஈரத் துணியில் மூடிவைத்தேன். ஃபோர்மேன் செய்ததுபோலவே. காலையில் துணியை எடுத்தேன். அந்தத் தகட்டை அந்தக் காலத்தில் நான் கொடுத்திருந்தால், நானும் உன்னோடு வாசலுக்கு வந்திருப்பேன்.

டாக்டரைக் கேட்டேன். இதயத்துக்குக் கொடுத்திருக்கும் மாத்திரையாக இருக்கலாம், வயதாக இருக்கலாம், வியர்வை மாறும் என்றார். "இதுக்கா மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு வந்தீங்க?" என்று சிரித்தார். அவருக்கு என்ன தெரியும்.

மற்ற துப்பாக்கிகளையும் இறக்கிப் பார்த்தேன். மார்ச்சுக்குப் பிறகு நான் தொட்டது எல்லாவற்றிலும் தடம் இருக்கிறது. ஒன்றுதான் புரியவில்லை. மாத்திரை இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறேன். மார்ச்சுக்கு முன்னால் ஏன் ஒன்றுகூட இல்லை?

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பாவம் முழுக்க என்னுடையது. உன்னை அத்தனை பேர் முன்னால் நிற்கவைத்தேன். அச்சில் போட்டேன். உன் பேரனைத் தூக்க நீ கையுறை தேடும்படி செய்தேன். அந்தக் கடிதம் வந்த அன்று அதைப் படித்துவிட்டு, "நல்லா நடிக்கிறான்" என்று மூரியலிடம் சொன்னேன். இதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதமும் மறுபூச்சு பூசியதாகிவிடும்.

மன்னிப்பு என்ற சொல்லை எழுத என் கை வரவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஐவர். எழுந்திருக்கும்போதும் வெட்கம், ஷேவ் செய்யும்போதும் வெட்கம்.

ஹொரேஸ்

———

போர்த்,
16 செப்டம்பர்

ஹொரேஸ்,

அடுப்பில் போடவில்லை. பெரில் போடச் சொன்னாள்.

நீ கேட்டதற்குப் பதில் எளிது. மார்ச்சுக்கு முன்னால் நான் இருந்தேன்.

போன வருடத்துக்கு முந்தின குளிர்காலம். 'மூன்று லாட'த்தில் ஒரு வியாழன் நீ சுட்டுவிட்டு அணித் துப்பாக்கியைத் தாங்கியில் வைத்தாய். அடுத்த வியாழன் அதை நான் எடுத்தபோது சிலிண்டரில் தடம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்னுடையதுதான் என்று நினைத்து அவசரமாகத் துடைத்தேன். துடைக்கும்போது பார்த்தேன், கட்டைவிரல் தப்பான பக்கம் இருந்தது. என் துருவை நான் வாழ்நாள் முழுக்கப் பார்த்தவன். ஒரு பார்வையிலேயே தெரியும். அது இடது கை.

உன்னிடம் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். நீ அப்போது யாரிடமோ "கை காய்ஞ்சவனுக்குத் துணி எதுக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பெயரோடு வாழ்வது எப்படி என்று எனக்குத் தெரியும். உனக்குத் தெரிய வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து பப் துப்பாக்கியை உனக்குப் பிறகு நான் துடைத்தேன். உன் வீட்டுத் துப்பாக்கிகளை, நீ விலை மதிக்க வெளியே போகும் சனிக்கிழமைகளில் வந்து துடைத்தேன். மூரியலிடம், "அவன் இருந்தா பார்க்கவே விடமாட்டான், கொஞ்ச நேரம் பார்த்துட்டுப் போறேன்" என்று சொல்லுவேன். அவள் டீயும் கேக்கும் கொண்டுவந்து வைப்பாள். கையுறை போட்டுக்கொண்டு, எண்ணெய்த் துணியால் ஒவ்வொன்றாக. மார்ச்சில் பேரன் பிறந்து நான் இங்கே வந்துவிட்டேன். துடைக்க ஆளில்லை. கண்காட்சி வருகிறதே என்று நீ ஹார்ட்ஷார்னை வருபவன் போகிறவனுக்கெல்லாம் எடுத்து எடுத்துக் காட்டியிருப்பாய்.

இதோடு கடிதத்தை முடித்தால் நான் பெரிய மனிதன் ஆகிவிடுவேன். நீயும் அழுவாய். ஆனால் என்னை 'நடிக்கிறான்' என்று சொன்னதைக்கூட நீ மறைக்காமல் எழுதியிருக்கிறாய். நானும் மறைக்கக் கூடாது.

பப்பில் அந்தத் தடம் உன்னுடையது என்று தெரிந்தபோது நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். பின்கட்டுக்குப் போய், பீப்பாய்களுக்கு நடுவில் நின்று, கண்ணில் நீர் வரச் சிரித்தேன். ஹொரேஸ் ஃபெரடேக்கும் துருக்கை! உன் முன்னறையில் உட்கார்ந்து துடைத்தேனே, உன்மேல் பாசத்தால் மட்டும் துடைத்தேன் என்று நினைக்காதே. ஒவ்வொரு தடத்தையும் துடைப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் பார்ப்பேன். இனிப்பாக இருக்கும்.

கண்காட்சியில் பெட்டியைத் திறந்ததும் நான் பார்த்த முதல் விஷயம் அந்தக் கட்டைவிரல்தான். "இடது கை, பாருங்க" என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் போதும், எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். சொல்லவில்லை. உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி. மறுபாதி வேறு. இவனே ஒரு நாள் கண்டுபிடிப்பான், அன்று கூனிக் குறுகிப் போவான், அதுவரை பொறுத்திருப்போம் என்று நினைத்தேன். கடற்கரையில் காற்றில் நின்று நான் அசை போட்டது அதைத்தான். ஆறுதலாக இருந்தது.

இப்போது அந்த நாள் வந்துவிட்டது. உன் கடிதத்தைப் பின்பக்கத் தோட்டத்தில் நின்று படித்தேன். சிரிப்பு வரவில்லை. சமையலறைப் பின்புறத்தில் ஒரு கிழவன் ஈரத் துணியைத் தூக்கிப் பார்ப்பதுதான் கண்ணுக்குள் நின்றது. என் பதினாலு வயது எனக்கு ஞாபகம் வந்தது. உனக்கும் அது நேர வேண்டும் என்று ஆசைப்பட்டேனே என்று என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

ஆக, நீ மட்டும் வெட்கப்பட வேண்டாம். வரிசையில் நானும் நிற்கிறேன்.

ஐவர்

———

நெதர்ட்டன்,
12 அக்டோபர்

ஐவர்,

உன் கடிதத்தை மூரியலிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "இரண்டு வருஷம் அவருக்குக் கேக் கொடுத்தேனேன்னு வருத்தப்படல. உங்களுக்குக் கொடுத்ததுக்குத்தான் வருத்தப்படறேன்" என்றாள். அதிலிருந்து எனக்கு ரொட்டியும் வெண்ணெயும்தான்.

பீப்பாய்களுக்கு நடுவில் சிரித்ததைப் படித்துக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் பீப்பாய்க்கு நடுவில் போய்ச் சிரித்திருக்க மாட்டேன். கூடத்தின் நடுவில் நின்று சிரித்திருப்பேன். அதுதான் உனக்கும் எனக்கும் வித்தியாசம்.

நேற்று வியாழன். சீசனின் முதல் ஆட்டம், டிப்டன் அணி வந்திருந்தது. எஸ்ரா இலக்குத் தகட்டில் வெள்ளை பூசிக்கொண்டிருந்தான். ஈரல் உருண்டை வாசனை சமையலறையிலிருந்து வந்தது. ஆட்டம் ஆரம்பிக்கும் முன்னால் எழுந்து நின்றேன்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்கப்பா."

"யாரு செத்தது?" என்றான் எஸ்ரா.

"யாரும் சாகல. என் ஹார்ட்ஷார்ன்ல இருந்த துரு ஐவர் கையில்ல. என் கை."

டிப்டன்காரர்கள் கிளாசைக் கீழே வைத்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். இடது கட்டைவிரல், தகடு, சனிக்கிழமைகள், நீ துடைத்தது. நீ சிரித்ததைச் சொல்லவில்லை. அது உன் சொத்து.

"அவன நாறடிச்சது ஏப்ரல்ல. இத எப்படா கண்டுபிடிச்ச?" என்றான் எஸ்ரா.

"ஆகஸ்ட்ல."

"இப்ப அக்டோபர்."

"ஆமா."

"ரெண்டு மாசமா வியாழக்கிழம தவறாம வந்து இங்க உக்காந்து பீர் குடிச்சியே. ஒரு வார்த்த வரலியா?"

உனக்குச் செப்டம்பரில் எழுதிவிட்டேன். உனக்குத் தனியாக எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்தது, இவர்கள் முன்னால் வாய் திறப்பதுதான் முடியவில்லை. பழியைச் சபையில் போட்டவன், மன்னிப்பை உறைக்குள் போட்டு ஒட்டினேன். உன் பதில் வந்த பிறகும் மூன்று வியாழன் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

எஸ்ரா போய் ஆணியிலிருந்து உன் கையுறைகளை எடுத்துவந்து என் முன்னால் போட்டான். "துருக்கக்காரன் வெறுங்கையால அணித் துப்பாக்கியத் தொடக் கூடாது. யாரு போட்ட சட்டம்?"

நான் போட்ட சட்டம். போட்டுக்கொண்டேன். ஒரு பக்கம் சிரிப்பு, ஒருவன் சவ ஊர்வலம் என்றான். என் வசனம்தான். துப்பாக்கியைத் தோளில் வைத்தேன். உலகம் முழுக்கப் பஞ்சுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. விசை எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே விடுகிறது, ஒன்றும் தெரியவில்லை. சுட்டதெல்லாம் வெள்ளையில் போய் அப்பியது. துளைக்குள் ஒன்றுகூடப் போகவில்லை. மணி அடிக்கவே இல்லை, ஐவர். நாற்பது வருடத்தில் முதல் முறை. நீ இந்தப் பஞ்சைப் போட்டுக்கொண்டு வாராவாரம் மணி அடித்திருக்கிறாய். ஒன்று தவறினால் நான் எழுந்து நின்று கைதட்டியிருக்கிறேன்.

உன் வலது கையுறையில் ஆள்காட்டி விரல் நுனி கிழிந்து போயிருக்கிறது. புது ஜோடி வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று நினைத்தேன். மூரியலிடம் தைக்கச் சொல்லியிருக்கிறேன்.

சங்க மடலுக்குத் திருத்தம் அனுப்பிவிட்டேன். "ஹார்ட்ஷார்ன் இலகு ரகம். சிலிண்டரில் விரல் தடத் துரு. இடது கை. உரிமையாளருடையது. ஐவர் பார்ஜிட்டர்மேல் முன்பு சொன்னது பொய், சொன்னவன் நான்." ஆசிரியர் போன் செய்து, "கடைசி வரி வேணுமா?" என்று கேட்டார். உன் பெயரை இந்த முறை போட்டே ஆக வேண்டும் என்றேன். தடத்தை நான் தேய்க்கப் போவதில்லை. அது அங்கேயே இருக்கட்டும்.

உன்னை வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை. எஸ்ரா கேட்கச் சொன்னான் என்று வைத்துக்கொள்.

ஹொரேஸ்

———

போர்த்,
17 அக்டோபர்

ஹொரேஸ்,

தைக்க விடாதே! மூரியலிடம் உடனே ஓடு. அது கிழியவில்லை. நான் வெட்டியது. நீ சட்டம் போட்ட அந்த வாரமே, எஸ்ராவின் கத்தரிக்கோலால். விரல் நுனி வெளியே இல்லாமல் எந்த மடையனும் விசையை உணர முடியாது. சுட்ட பிறகு விசையைத் துடைத்துவிடுவேன். உன் சட்டத்தை ஒரு விரல் நுனி அளவுக்கு இத்தனை வருடம் மீறியிருக்கிறேன், நீ வாராவாரம் பக்கத்தில் நின்றும் பார்க்கவில்லை. நீ இடது கை என்பதால் இடது கையுறையில் வெட்டிக்கொள். என்னுடையதில் வேண்டாம், புதிது வாங்கு.

உன் கடிதத்தைப் பெரிலுக்கு வாசித்துக் காட்டினேன். 'சொன்னவன் நான்' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். மறுபடி வாசிக்கச் சொன்னாள். அப்புறம் எழுந்து போய்க் குழந்தையைக் கொண்டுவந்து என் வெறுங்கையில் வைத்துவிட்டு, பாத்திரம் கழுவப் போய்விட்டாள். உன்மேல் அவளுக்குக் கோபம் இன்னும் போகவில்லை. போகும் என்று நான் உனக்கு வாக்குக் கொடுக்க முடியாது. எனக்கும் முழுக்கப் போய்விட்டதா என்று தெரியவில்லை. சில காலைகளில் போய்விட்டதுபோல இருக்கிறது, சாயங்காலம் திரும்பி வருகிறது.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். சனிக்கிழமை உன் வீட்டுக்கு வருவேன். விலை மதிக்க எங்கும் போய்விடாதே. மார்ச்சுக்குப் பிறகு துடைக்காத துப்பாக்கிகள் நிறைய இருக்கும். எண்ணெய்த் துணி இரண்டாக எடுத்து வை.

கதவை இந்த முறை நீ திற.

ஐவர்